நெதர்கோம்பில் பேருந்து நிற்குமா?

நெதர்கோம்ப்,
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் அத்தானும் என் மகள் ஜெமியும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் காலை ஜெபம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மழை விட்ட பிறகு ஏரிக்கரையில் நடக்கிறாயா?

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஜெமி நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். அது அவளுடைய நேரம். அவளைப் பற்றி அவள் முன்னால் நாம் எப்படிப் பேசுவது? மற்ற நாட்களில் மேட்டின் மேல் டியூட்டியில் பேச முடியாது, கீழே இந்தப் பள்ளத்தாக்கில் சிக்னலும் கிடைப்பதில்லை. அதனால்தான் காட்டாங்குளத்தூருக்கு, உன் காலேஜ் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் படி.

ஜெமியின் அப்பா எபி தவறியபோது அவளுக்கு மூன்று வயது. நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போனபோது அவளை உன் இடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் போனேன். ஆறு வருடம் ஓடிவிட்டது. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்கிற வேலை இப்போதுதான் முதல் முறையாக அமைந்திருக்கிறது. செப்டம்பரில் இங்கே பள்ளி திறக்கும். அதற்கு அவளை அழைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இங்கிலாந்து என்றாலும் ஊர் மிகச் சின்னது. முந்நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒரு ஓடை, அதன்மேல் கல் பாலம், ஒரு சர்ச், ஒரு கடை, ஒரு மண்டபம். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் மேட்டின் மேல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மொத்தமே முப்பத்தெட்டுப் பிள்ளைகள். 'பப்' ஒன்றும் இருக்கிறது. சாராயக்கடை என்று பயப்படாதே, குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிறார்கள்.

உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அத்தானுக்கு என் ஸ்தோத்திரம்.

உன் தங்கை,
கெசியா

செம்பாக்கம்,
9 பிப்ரவரி 2025

அன்பு கெசி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மூட்டு வலி அதன்பாட்டுக்கு இருக்கிறது, நான் என்பாட்டுக்கு இருக்கிறேன். குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே.

பொத்தேரியில் பிரித்தேன், வண்டலூர் தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன். வீட்டில் அத்தானிடம் காட்டினேன். "முன்னூறு பேர் ஒரு ஊரா? நம்ம கேம்ப் ரோடு சிக்னல்ல ஒரு ரெட் விழுந்தா அதுக்கு மேல நிக்கிறான்" என்றார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ஜெமி கணக்கில் முழு மார்க். கோரைப்பல் இரண்டும் முளைத்துவிட்டன. தலைமுடி இடுப்பைத் தொடுகிறது. காலையில் பின்னிவிடக் கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் வந்துவிடும்.

செப்டம்பர் பற்றி எழுதியிருந்தாய். நல்ல காரியம். பெற்றவள் நீ. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்த ஊரில் பேருந்து நிற்குமா? கடை என்கிறாயே, அரிசி பருப்பு கிடைக்குமா? அந்த ஊர் எத்தனை நாளாக இருக்கிறது, எப்படிப்பட்ட ஜனங்கள்?

கர்த்தர் உன் கூடவே இருப்பாராக.

அக்கா,
தபீதாள்

நெதர்கோம்ப்,
2 மார்ச் 2025

பிரியமுள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததே பாதி பலம். நான் நலம். காதைக் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.

நீ கேட்டதற்கு வரிசையாக எழுதுகிறேன். பேருந்து நிற்கும். புதனும் சனியும், காலையில் ஒன்று போகும், மதியம் திரும்பும். பாலத்துக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்ட வேண்டும்.

ஊர் எத்தனை நாளாக இருக்கிறதா? தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் அரசன் நாடெங்கும் எடுத்த கணக்கெடுப்பிலேயே இதன் பெயர் இருக்கிறது. பதினொரு குடும்பம், ஒரு மாவு ஆலை. முதலில் வீடுகள் சர்ச்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தனவாம். கொள்ளைநோய் வந்தபோது பாதிப் பேர் செத்துப்போக, மிச்சப் பேர் ஓடைப் பக்கம் குடிவந்துவிட்டார்கள். சர்ச் மட்டும் தூரத்தில் வயல் நடுவில் தனியாக நிற்கிறது. ஆட்டு ரோமத்தில் ஒரு காலத்தில் ஊர் செழித்திருக்கிறது. ரயில்கூட வந்திருக்கிறது. இப்போது அந்த ஸ்டேஷனில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது, பிளாட்பாரத்தில் ரோஜாச் செடி வைத்திருக்கிறார்கள். நம் தாம்பரம் ஸ்டேஷனை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது.

கடைக்காரர் ஏழு வருடத்துக்கு முன்னால் கடையை மூடிவிட்டாராம். ஊர்க்காரர்களே எடுத்து, முறை வைத்து நடத்துகிறார்கள். செவ்வாய்க்கிழமை கல்லாவில் இருப்பவர் டோரீன் என்கிற அம்மாள், ரிட்டயர்டு டீச்சர். அரிசி உண்டு. பருப்புக்கு டவுனுக்குப் போக வேண்டும்.

ஜனங்கள் எப்படி என்றால், ஒன்று சொல்கிறேன், அத்தானிடம் மட்டும் சொல்லாதே. போன மாதம் ஒரு சாயங்காலம் சர்ச் மணி ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி அடித்தது. நம் சபையில் அப்படி அடித்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல் பிளாஸ்க் நிறையக் காபியோடு ஓடினேன். கோபுரத்தின் அடியில் ஐந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யார் இறந்தது?" என்றேன்.

கென் என்கிற பெரியவர் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். "இதுவரைக்கும் யாரும் இல்லை. இவர் இன்னும் கொஞ்ச நேரம் இப்படி அடித்தால் நான்தான்."

புதிதாகப் பழகுகிறவருக்காக ஒரே மணியை அடித்திருக்கிறார்கள். காபியை எல்லோரும் குடித்தார்கள். கோபுரத்தில் ஆறு மணிகள், அடிக்க ஆள் ஐந்து. இப்போது ஆறாவது ஆள் நான். வாரா வாரம் பழகுகிறேன், காபியும் நான்தான்.

இந்த ஊருக்கு என்னைக் கொண்டுவந்த தேவனுக்கும், என் பிள்ளையைக் காத்த உனக்கும் நன்றி.

கெசி

செம்பாக்கம்,
6 ஏப்ரல் 2025

அன்பு கெசி,

தாமதமாக எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. அட்மிஷன் நேரம், ஆபீஸில் தலை நிமிர முடியவில்லை. ஈஸ்டர் வரைக்கும் தபசு நாட்கள் வேறு, சாயங்காலம் சர்ச். நாங்கள் சுகம்.

மணிக் கதையை அத்தானிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். இரண்டு நாளாக யார் ஃபோன் அடித்தாலும் "யார் இறந்தது?" என்கிறார்.

புதனும் சனியும் மட்டும்தான் பேருந்து என்கிறாய். அப்போது வியாழக்கிழமை பிள்ளைக்கு ஒன்று என்றால்? டிசம்பரில் ஜெமிக்கு மூச்சிழுப்பு வந்ததே, நினைவிருக்கிறதா? விடியும்வரை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இங்கே தெருமுனையில் டாக்டர். அங்கே எத்தனை தூரம்? குளிர் ஊராயிற்றே. நீ டியூட்டியில் இருக்கும்போது பள்ளி விட்டு வந்தால் கதவை யார் திறப்பார்கள்? தெருவிளக்கு உண்டா?

கேள்வியாகவே கேட்கிறேன் என்று நினைக்காதே. இங்கிருந்து என்னால் கேட்கத்தானே முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

நெதர்கோம்ப்,
27 ஏப்ரல் 2025

அன்பான அக்கா,

உயிர்த்தெழுந்த பண்டிகை வாழ்த்துக்கள். நான் சுகம். உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டு ஆலயத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உன் கேள்விகளில் பாதிக்கு எனக்கே பதில் தெரியவில்லை. மணி பழகும் இடத்தில் கென்னிடம் கேட்டேன். அவர் டோரீனிடம் சொல்ல, அந்த அம்மாள் என்னைக் கையோடு ஊர்க் கூட்டத்துக்கே அழைத்துப் போய்விட்டார். கூட்டம் மண்டபத்தில் நடக்கும். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ராணுவ முகாமிலிருந்த மரக் கொட்டகையைப் பெயர்த்து வந்து கட்டிய மண்டபம். யோகா, தடுப்பூசி, தேர்தல், கல்யாணம் எல்லாம் அதில்தான். அன்றைக்கு மூன்றாவது விஷயமாக என் அக்காவின் கேள்விகள்.

"டாக்டர்?" என்று டோரீன் வாசித்தார்.

"நாலு மைல். பெரிய ஆஸ்பத்திரி பதினெட்டு மைல்" என்றார் ஒருவர்.

"அந்த அம்மா தூரத்தைக் கேட்கவில்லை, யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்கிறார்" என்றார் கென். அவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக முறை வைத்து ஒன்பது பேர் இருக்கிறார்கள். பேருந்து வராத நாளில் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று என் கையில் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். இழுப்புக்கு என்றே அந்த டாக்டரிடம் ஒரு நர்ஸ் இருக்கிறாள், போய்ப் பார்த்துப் பேசிவிட்டேன். பள்ளி விட்டதும் கடையின் பின்னறையில் டோரீன் வைத்துக்கொள்வார், வேறு நாலு பிள்ளைகளும் அங்கேதான். தெருவிளக்கு கிடையாது. யாரோ ஒருவர், "நட்சத்திரம் தெரியும் என்று எழுதுங்கள்" என்றார்.

இன்னொன்று. கடையில் ஆரஞ்சு ஜாம் பக்கத்தில் துவரம் பருப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

எல்லாம் உன் கேள்வியால்தான். "உங்கள் அக்கா எங்கள் ஊருக்கு ஒரு இன்ஸ்பெக்டர்" என்கிறார்கள். இத்தனை பேருக்கும் நான் என்ன செய்து கடனைத் தீர்ப்பேன்?

நன்றியோடு,
கெசி

செம்பாக்கம்,
8 ஜூன் 2025

அன்பு கெசி,

நாங்கள் நலம். வெயில் தாங்கவில்லை. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது.

உன் ஊரார் நல்லவர்கள். என் வணக்கத்தைச் சொல்.

ஜெமியைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்திருக்கிறேன். ஒரு வருட வகுப்பு. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் வாசிப்பாள் என்று மாஸ்டர் சொல்கிறார். கீழ்வீட்டு ரத்தினபாய் நேற்று படியேறி வந்து, "இன்னா டீச்சரம்மா, பொண்ண சீமைக்கு அனுப்பப் போறீங்களாமே? வூடு வெறிச்சோடிப் பூடுமே" என்றாள். நான் டீச்சர் இல்லை என்று ஆயிரம் முறை சொல்லியாயிற்று.

அங்கே தமிழ் பேச யார் இருக்கிறார்கள்?

அக்கா

நெதர்கோம்ப்,
25 ஜூன் 2025

என் அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க இன்றைக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். சுகமாக இருக்கிறாயா, அக்கா?

உன் கடைசிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ் பேச யாரும் இல்லை, நான் ஒருத்திதான் என்று எழுதத் தொடங்கினேன். அப்போதுதான் நம் அம்மா நினைவுக்கு வந்தாள். உன்னைப் பெண் கேட்டு வந்த யாரிடமாவது அம்மா முடியாது என்று சொல்லியிருக்கிறாளா? "உங்க ஊர்ல பஸ் நிக்குமா? தண்ணி எப்படி? ஆஸ்பத்திரி பக்கமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அவர்களும் புரிந்துகொண்டு, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோவார்கள். ஒருவர்கூட ஊருக்குத் திரும்பிப்போய்ப் பேருந்து விட ஏற்பாடு செய்யவில்லை. அதைச் செய்த முட்டாள் நான் ஒருத்திதான்.

ஐந்து மாதமாக நீ முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் ஒரு ஊரையே கூட்டி அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, பிள்ளையை நீயே வைத்துக்கொள். இதை வருத்தத்தோடு எழுதவில்லை. கொஞ்சம் வருத்தம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இழுப்பு வந்தால் அவள் நிமிர்ந்து சாய்ந்துகொள்வது உன் மடியில். அவளுக்குக் குறைவு என்று ஒன்றும் அங்கே இல்லை. நான் வருடம் ஒரு முறை வந்து பார்த்துக்கொள்கிறேன். இத்தனை நாள் அப்படித்தானே இருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிவிடுகிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

என்றும் நன்றியுள்ள,
கெசி

செம்பாக்கம்,
20 ஜூலை 2025

என் கெசிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். தாம்பரத்தில் இறங்க மறந்து சானடோரியம் போய்விட்டேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குப் போகும் வழியில் சேலையூரில் இறங்கி ஜெமிக்குப் புதுப் போர்வை வாங்கினேன். அன்றைக்கு அத்தானும் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். ஒரு வாரம் அப்படிப் போனது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் ஜெமியும் ரத்தினபாயும்.

"அந்த ஸ்கூல்ல முப்பத்தெட்டுப் பேர்தான் ஆன்ட்டி. என்னைச் சேர்த்தா முப்பத்தொம்பது."

"அடிப்பாவி, அப்ப எங்களயெல்லாம் வுட்டுட்டுப் பூடுவியா நீ?"

"லீவுக்கு வருவேன்ல."

"வந்தா, உங்க பெரிம்மா கதவத் தொறக்கலன்னா இன்னா பண்ணுவ?"

"பெரிம்மா எங்க போவப் போறாங்க? அவங்க இங்கதான இருப்பாங்க." இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் சொன்னாள்.

துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். நான் இங்கே இருப்பேன் என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அவள் உன்னிடம் வரத் துணிந்திருக்கிறாள். அந்தத் தைரியத்தை அவளுக்குக் கொடுத்தது நானும் அத்தானும்தான். கொடுத்துவிட்டு, அதை வைத்தே அவளைப் பிடித்துவைத்தால் அது நியாயம் இல்லை.

நீ எல்லாக் கடிதத்திலும் எனக்கு நன்றி எழுதுகிறாய். எனக்கு ஒவ்வொரு முறையும் கூச்சமாக இருந்தது. கல்யாணமாகிப் பத்து வருடம், சபையில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யாராவது ஒருத்தி, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பாள். ஜெமி வந்த பிறகு ஒருவரும் கேட்கவில்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். பேன் பார்த்தேன். காதுகுத்துக்கு அழுதேன். வாய்ப்பாடு சொல்லவில்லை என்று அடித்துவிட்டு நானே சாப்பிடாமல் படுத்தேன். எபியை இழந்து நீ நின்ற நாளில், உன் கையிலிருந்ததை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். நன்றி சொல்ல வேண்டியவள் நான். ஆறு வருடம் நான் ஒரு தாயாக இருந்தேன், கெசி. போன ஞாயிறு அதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். கவரின் மேல் என்ன காரணம் என்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் லீவு போட்டு வா. நீயே வந்து அழைத்துக்கொண்டு போ. பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மறுபடி போய்க் கேள். கீபோர்டு மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

இருட்டில் அவளுக்குப் பயம் உண்டு. காட்டிக்கொள்ள மாட்டாள், பாட்டுப் பாடுவாள். அப்போது கையைப் பிடித்துக்கொள்.

உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபிக்கும்,
அக்கா

நெதர்கோம்ப்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா, அத்தான்,

நாங்கள் இருவரும் சுகம். 'நாங்கள்' என்று எழுதுவதற்கு இன்னும் கை பழகவில்லை. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? மீனம்பாக்கத்தில் அத்தான் கடைசிவரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றது கண்ணுக்குள் இருக்கிறது.

ஜெமி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நூற்றைம்பது வருடத்துப் பழைய கட்டடம். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வாசல், பெண்பிள்ளைகளுக்கு ஒரு வாசல் என்று கல்லில் செதுக்கியிருக்கிறது. இப்போது எல்லோரும் ஒரே வாசலில்தான் போகிறார்கள். இவள் மட்டும் தினமும் பெண்கள் வாசலில் போகிறாளாம். காரணம் கேட்டால், "அதுல யாருமே வரல, ஃப்ரீயா இருக்கு" என்கிறாள்.

இரண்டாம் வாரம் லேசாக இழுப்பு வந்தது, வியாழக்கிழமை. கென் காரில் கூட்டிப்போனார். பயப்படும்படி ஒன்றும் இல்லை, நர்ஸ் பார்த்து மருந்தை மாற்றிக் கொடுத்தாள். திரும்பும்போது இருட்டிவிட்டது. எங்கள் வீட்டுச் சந்தில் கார் நுழையாது, பாலத்திலிருந்து நடந்தோம். பாட ஆரம்பித்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுக் காலை நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளேயிருந்து, "பெரிம்மா, சீப்பு எங்க?" என்று கூப்பிட்டாள்.

"இந்தா" என்று எடுத்துக்கொண்டு போனேன். அவளும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பள்ளிக்கூடத்துக் கதை முழுக்கக் கேட்டேன்.

உன் தங்கை,
கெசி